நீரில் நின்று சொன்ன பதில்

மார்கழி மாதத்து மாலைக்கு ஒரு தனி மயக்கம் உண்டு. வெயில் போவதும் தெரியாது, பனி வருவதும் தெரியாது. இரண்டும் கைமாறிக்கொள்ளும் அந்தச் சிறு பொழுதில் மரங்களும் மனிதர்களும் பாதிக் கனவில் நிற்பது போலத் தோன்றும். அப்படிப்பட்ட ஒரு மாலையில், செய்யாற்றுக்கு வடக்கே, வெண்ணாவல் மங்கலத்துப் பேரேரி கரை தளும்பக் கிடந்தது. மேற்கே மிச்சமிருந்த செம்மை அதன் மேல் குங்குமம் கரைத்தது போலப் பரவியிருக்க, கிழக்கே முழுமைக்கு ஒரு நாள் குறைந்த நிலா, நாணல்களுக்கு மேலே தலைகாட்டி, தன் முகத்தை அந்த நீரிலே பார்த்துப் பார்த்து மயங்கிக்கொண்டிருந்தது.

அன்புள்ள வாசகர்களே, அந்தக் கரையில் நீங்கள் நின்றிருந்தால், இத்தனை தண்ணீர் வைத்திருக்கும் ஊரில் யாருக்கு என்ன குறை இருக்க முடியும் என்றுதான் நினைத்திருப்பீர்கள். நம் கதாநாயகியும் பன்னிரண்டு நாட்களுக்கு முன்பு வரை அப்படித்தான் நினைத்திருந்தாள்.

நெடுங்கண்ணி என்பது அவள் பெயர். ஏரி வாரியத்தின் தலைவர் பூதன் காரியாரின் ஒரே மகள். ஏரிக்குள் வண்டல் அள்ளிக் கரையில் கொட்டுவதற்கென்று அந்த ஊரில் ஓடங்கள் உண்டு. அவற்றில் ஒன்றைக் கோலால் தள்ளிச் செல்வதில் அவளுக்கு நிகர் யாருமில்லை. அன்று தென்கோடிக் கரையிலிருந்து ஊர் திரும்புவதற்காக அவள் ஓடத்தை அவிழ்த்தபோது, தோளில் பையும் கையில் ஊன்றுகோலுமாக ஓர் இளைஞன் வந்து நின்றான். மூலிகை தேடிவரும் வைத்தியன் என்றும், பெயர் சாத்தன் என்றும், கடைமடைச் சிற்றூரில் இரண்டு நாள் தங்கிவிட்டு வருவதாகவும் சொல்லி, ஊர்ப்பக்கம் சேர்த்துவிட முடியுமா என்று கேட்டான்.

அவள் அவனை ஏற்றிக்கொண்டாள். சிறிது தூரம் போனதும் நீரோரத்தில் படர்ந்திருந்த கீரையைக் காட்டி அது என்னவென்று கேட்டாள். வல்லாரை, நினைவாற்றலுக்கு மிகவும் நல்லது என்று வைத்தியர் விளக்கினார்.

"அது நீராரை. எங்கள் ஊர்க் கன்றுக்குட்டிக்குக்கூடத் தெரியும். நினைவாற்றலுக்கு நீங்கள்தான் ஏதாவது சாப்பிட வேண்டும், வைத்தியரே" என்றாள்.

அவன் வெட்கத்தோடு சிரித்தான். பொய் பிடிபட்டதற்கு வருந்துபவனாகத் தெரியவில்லை. பிடித்தவள் இவளாக இருப்பதில் மகிழ்கிறவனாகவே தெரிந்தான். அல்லிகள் விரியத் தொடங்கியிருந்தன. ஓடம் அவற்றை விலக்கிக்கொண்டு போகும் மெல்லிய ஓசையைத் தவிர வேறு ஓசையில்லை. அந்த அமைதியில் அவன் ஒரு கேள்வி கேட்டான். இங்கே கடல் போலத் தண்ணீர் கிடக்க, கடைமடையில் பால் பிடிக்க வேண்டிய நெற்பயிர் மஞ்சளாகிச் சுருண்டு கிடக்கிறதே, ஏன்?

நெடுங்கண்ணியின் கோல் ஒருகணம் நின்றது. அன்று பிற்பகல் முழுவதும் அவள் அந்த வயல்களின் வரப்பில்தான் நடந்திருந்தாள். அவள் தாயின் தோழியும் கடைமடையில் நிலம் உள்ளவளுமான மருதி அழைத்துப் போய்க் காட்டியிருந்தாள். கையில் எடுத்த கதிர் பதராக நொறுங்கியதை அவளால் மறக்க முடியவில்லை.

முன்பின் தெரியாதவர்களிடம் சில உண்மைகளைச் சொல்வது எளிது. அவள் சொன்னாள். குன்றையூரிலிருந்து மன்னரின் ஆள் ஒருவர் ஏரியைப் பார்க்க மாறுவேடத்தில் வருகிறார் என்று அவள் தந்தையின் காதுக்கு ஒரு செய்தி வந்தது. ஊர்கள் தங்கள் ஏரிகளைச் சரியாகக் காப்பதில்லை, எல்லா மதகுகளையும் அரசக் கண்காணிகளிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அங்கே பேச்சு நடக்கிறதாம். வருகிறவர் கண்ணுக்கு ஏரி நிறைந்து தெரிய வேண்டும் என்று தந்தை மதகை அடைத்தார். வருவார் வருவார் என்று ஒரு நாள் இரண்டாகி, இரண்டு பன்னிரண்டாகிவிட்டது.

"யாருக்காகவோ ஏரியை அலங்கரித்து வைத்துவிட்டு, யாருடைய ஏரி என்பதை அப்பா மறந்துவிட்டார்" என்று முடித்தாள்.

நாளை முழுநிலா. குடத்தில் ஓலையிட்டுப் புதிய வாரியத்தைத் தேர்ந்தெடுக்கும் நாள். அதற்கு முன்பாக, பதவி விட்டிறங்கும் ஐவரும் மதகுப் படித்துறையில் முழங்கால் நீரில் நிற்க வேண்டும் என்பது அந்த ஊரின் வழக்கம். அந்த ஏரியின் தண்ணீரைக் குடிக்கிறவர் எவரும், உழவரோ குயவரோ, ஆணோ பெண்ணோ, கேள்வி கேட்கலாம். கேட்டவர் 'ஏறுங்கள்' என்று சொல்லும் வரை நிற்பவர் கரையேறக் கூடாது. மருதி முதலானவர்கள் காரியாரின் முகத்துக்கு அஞ்சிக் கேட்கத் தயங்குகிறார்கள் என்றும், அதனால் தானே கேட்கப் போவதாகவும் நெடுங்கண்ணி சொன்னாள்.

நிலவொளி அவன் முகத்தின் ஒரு பாதியில் விழுந்திருந்தது.

"கேட்காதீர்கள்" என்றான். "நாளை மட்டும் கேட்காதீர்கள். மறுநாள் மதகைத் திறந்துகொள்ளலாம். ஊரறியக் குற்றம் வெளிப்பட்டால், குன்றையூரிலிருந்து வருபவர் அதைக் காணாதவர்போல் போக முடியாது. ஏரி உங்கள் கையை விட்டுப் போய்விடும்."

அவள் கோலை நீரிலிருந்து எடுத்தாள். ஓடம் தானாக மிதந்தது. கீரை தெரியாத வைத்தியருக்கு அரசகாரியம் மட்டும் எப்படி இத்தனை நன்றாகத் தெரிகிறது என்று அவள் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. ஆனால் படித்துறையில் அவன் இறங்கியபோது இருவருக்கும் அது தெரிந்திருந்தது.

அன்றிரவு நெடுங்கண்ணி உறங்கவில்லை என்று சொன்னால் அது பழைய கதையாகிவிடும். உண்மையில் அவள் நன்றாக உறங்கினாள். கனவில் ஏரி முழுதும் வெண்மணலாக இருந்தது. அதில் அவள் ஓடம் தள்ளிக்கொண்டே இருந்தாள். விழித்தபோது அவள் மனம் தெளிந்திருந்தது. கேட்காமல் விட்டால் ஏரி ஊரிடம் இருக்கும். ஆனால் அடுத்த ஆண்டும் யாரோ ஒரு பெரியவருக்குக் காட்ட யாரோ ஒருவருடைய வயல் காயும். கேள்வி கேட்க முடியாத ஏரி ஊரிடம் இருந்தால் என்ன, மன்னரிடம் இருந்தால் என்ன?

மறுநாள் மாலை ஊர் முழுவதும் கரையில் திரண்டது. அகல் விளக்குகள் படிகளில் வரிசையாக எரிந்தன. ஐவரும் வேட்டியை மடித்துக் கட்டி நீரில் இறங்கினார்கள். மார்கழித் தண்ணீர் அல்லவா, வயதான ஒருவர் முனகியதைக் கேட்டு, ஆண்டு முழுவதும் சூடாக இருந்தவர்கள் ஒரு மாலை குளிர்ந்தால் குறைந்து போகமாட்டார்கள் என்று மருதி உரக்கச் சொல்ல, கரையில் சிரிப்பு அலையாக ஓடியது. காரியாரும் சிரித்தார்.

அப்போதுதான் நெடுங்கண்ணி படிக்கு வந்தாள். கூட்டத்தின் ஓரத்தில், ஊன்றுகோலின் மேல் இரு கைகளையும் வைத்து நின்றவன் அவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தான். வேண்டாம் என்று. அவள் பார்வையை விலக்கிக்கொண்டாள்.

"வாரியப் பெருமகனாருக்கு வணக்கம். கடைமடைக்கு முறைத் தண்ணீர் பன்னிரண்டு நாளாக ஏன் வரவில்லை?"

அப்பா என்று அவள் அழைக்கவில்லை. காரியாரின் முகத்தில் முதலில் கோபமும், பிறகு திகைப்பும், பிறகு பெயரில்லாத ஏதோ ஒன்றும் வந்து போயின. நினைத்திருந்தால் அவர் மேலேறி வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் தடுத்திருக்கமாட்டார்கள். ஆனால் அந்த நீருக்கு அப்படி ஒரு குணம் இருந்தது. அதில் நிற்பவர்களுக்குத் தங்கள் காலடி மண்ணின் குளிர்ச்சி தெரிந்துகொண்டே இருந்தது.

அவர் மறைக்காமல் சொன்னார். அரசரின் ஆளுக்கு நிறைந்த ஏரியைக் காட்ட மதகை அடைத்ததாகவும், ஊரின் நன்மைக்கென்றே செய்ததாக நினைத்ததாகவும், ஒருநாளும் கடைமடைக்குப் போய்ப் பார்க்கவில்லை என்றும் சொன்னார். "போனால் திறக்க வேண்டியிருக்கும் என்று தெரிந்துதான் போகவில்லை" என்று முடித்தார். இனித் தன் பெயரெழுதிய ஓலை குடத்தில் விழ வேண்டாம் என்றும் அவரே கேட்டுக்கொண்டார்.

நெடுங்கண்ணி மருதியைப் பார்த்தாள். இது தன் வாயால் விடுவிக்க வேண்டிய கேள்வி அல்ல என்று அவள் நினைத்தது மருதிக்குப் புரிந்தது.

"முதலில் மதகைத் திறந்துவிட்டு வாரும், காரியாரே. ஏறுவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்றாள் மருதி.

அவர் மார்பளவு நீருக்குள் நடந்து போய், தம் கையாலேயே அடைப்பை நீக்கினார். கரைக்கு அப்பால் வாய்க்காலில் தண்ணீர் விழுந்து ஓடும் ஓசை கேட்டது. நிலா ஒரு முழம் உயர்ந்திருந்தது. மருதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏறுங்கள்" என்றாள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் கூட்டத்தின் ஓரத்திலிருந்து சாத்தன் முன்னே வந்தான். ஊன்றுகோலின் பூணைத் திருகி, அதற்குள்ளிருந்து முத்திரையிட்ட ஓலை ஒன்றை எடுத்தான். தன் பெயர் சாத்தன் அல்ல என்றும், குன்றையூர் மன்னரின் தம்பி இளங்கண்டன் என்றும் அவன் சொன்னபோது கரையிலிருந்தவர்கள் அனைவரும் எழுந்து நின்றார்கள். கீரையைத் தவறாகச் சொன்ன மனிதனிடம் இத்தனை கம்பீரம் இருந்ததா என்று நெடுங்கண்ணி வியந்தாள்.

ஏரிக் காவலில் குற்றம் கண்டால் அன்றே ஏரியை அரசக் கண்காணியிடம் ஒப்படைக்க வேண்டும் என்பதுதான் ஓலையில் இருந்த கட்டளை. அதை அவன் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் படித்தான்.

"குற்றத்தைக் கண்டேன்" என்றான். "ஆனால் அதைக் கண்டுபிடித்தது நான் அல்ல. நிலா ஒரு முழம் ஏறுவதற்குள் நீங்களே கண்டுபிடித்து, நீங்களே திருத்தியும்விட்டீர்கள். இந்த ஓலையை எழுதியவர்களுக்கு இப்படி ஒன்று நடக்கும் என்று தெரியாது. என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை."

"இளவரசரை ஒன்று கேட்கலாமா?" என்றாள் நெடுங்கண்ணி.

அவன் அவளைப் பார்த்தான். பிறகு காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டு, படியிறங்கி, காரியார் நின்ற அதே இடத்தில் நீரில் போய் நின்றான். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது.

"மதகைக் கண்காணி ஒருவர் அடைத்து வைத்தால், குன்றையூர் இங்கிருந்து ஐந்து நாள் வழி. நாங்கள் யாரை இந்த நீரில் நிறுத்திக் கேட்பது?"

அல்லிகளின் மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது. அரசவையில் எத்தனையோ வாதங்களில் வென்றவன் அவன். ஒரு பதிலுக்காகத் தன்னுள்ளே தேடினான்.

"தெரியாது" என்றான்.

"தெரியாது என்று சொல்லவா முத்திரை ஓலையெல்லாம் கொண்டு வந்தீர்கள், ராசா? எங்கள் காரியாராவது காரணம் சொன்னார்" என்றாள் மருதி. அவனும் சேர்ந்து சிரித்தான். பிறகு அவன் முகம் மாறியது. ஓலையை மீண்டும் சுருட்டினான்.

"இதை என் அண்ணனிடமே திருப்பிக் கொடுப்பேன். அதோடு இந்தக் கேள்வியையும் கொண்டு போவேன். அவர் பதில் சொல்லும் வரை இந்த ஏரிக்கு எந்தக் கண்காணியும் வரமாட்டார். வரும் மார்கழி முழுநிலாவில், பதில் கிடைத்தால் பதிலோடும், கிடைக்காவிட்டால் வெறுங்கையோடும், இதே இடத்தில் இறங்கி நிற்பேன். குன்றைக் கொடியின் மேல் ஆணை." பிறகு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "அதற்குள் நீராரையையும் வல்லாரையையும் பிரித்தறியக் கற்றுக்கொள்வேன்."

அவன் உதடுகள் குளிரில் நடுங்கின. ஊர் முழுவதும் நெடுங்கண்ணியின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. கேட்டவள் அவள்தான். விடுவிக்க வேண்டியவளும் அவள்தான்.

அவள் படியின் விளிம்பு வரை வந்தாள். அவன் ஏறுவதற்குக் கை நீட்டினாள். ஆனால் 'ஏறுங்கள்' என்று அவள் சொல்லவில்லை.

"போய் வாருங்கள்" என்றுதான் சொன்னாள்.

அந்த ஊர் வழக்கப்படி பார்த்தால், குன்றையூர் இளவரசர் அன்றிலிருந்து அடுத்த மார்கழி வரை வெண்ணாவல் ஏரியின் நீரில்தான் நின்றுகொண்டிருந்தார்.