இரும்பு வட்டத்தில் இன்னொருவன் பெயர்

பொய்ப் பெயர் வெட்டுகிறவன் இவ்வளவு அழகாக வேலை செய்வானேன்? அக்காள் கணவரின் வேலையறைக்கு வந்திருந்த மச்சினனுக்கு அதுதான் பிடிபடவில்லை.

மேசைமேல் கிடந்தது ஒரு பழைய ஜப்பானிய வாளின் கைக்காப்பு. பிடிக்கும் அலகுக்கும் நடுவே செருகுகிற, உள்ளங்கை அளவு இரும்பு வட்டம். சிறகு விரித்த இரண்டு கொக்குகள் மட்டும் நிற்க, மற்ற இரும்பை அறுத்து எடுத்திருந்தார்கள். நடுவில் அலகு நுழையும் துளை. அதன் ஓரம் ஒரு புகழ்பெற்ற ஆசானின் பெயர்.

கொண்டுவந்தவர் ஒரு பெண் பல் மருத்துவர். "அப்பா இதை அண்ணனுக்குன்னு வச்சிட்டுப் போனார். பழம்பொருள் வியாபாரி, இதுல இருக்கற பேரு போலின்னுட்டார். அலமாரிச் சாவி என்கிட்டதானே இருந்துச்சு? அசலை எடுத்துட்டு, புதுசா ஒரு போலியைச் செஞ்சு வச்சிட்டேன்னு அண்ணன் முகம் குடுத்துப் பேசறதில்ல."

மச்சினனின் அக்காள் கணவர் அருங்காட்சியகத்தில் உலோகப் பொருள்களைச் செப்பனிடுகிறவர். நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "அவரையும் வரச் சொல்லுங்க" என்றார்.

அண்ணன் வந்தார். தங்கைக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தும் வாசலிலேயே நின்றார்.

"மாமா, வியாபாரி சொன்னது தப்புதானே?" மச்சினன் முந்திக்கொண்டான்.

"ரொம்பச் சரி. பேரு போலி."

அண்ணன் தங்கையைச் சுட்டெரிப்பதுபோல் பார்த்தார்.

"அவசரப்படாதீங்க. எப்ப வெட்டினதுன்னு கேளுங்க. வேற வாளுக்கு மாத்தி மாட்டும்போது துளை லொடலொடன்னு ஆடும். ஓரத்துல உளி வச்சுத் தட்டினா இரும்பு பிதுங்கி அலகை இறுக்கும். அந்தப் பள்ளம்தான் இது. பேரு முதல்ல இருந்திருந்தா, உளி அடிச்ச இடத்துல எழுத்தோட கோடு நசுங்கியிருக்கும். இங்க கோடு பள்ளத்துக்குள்ள இறங்கி, அறுபடாம மேல ஏறுது."

"அப்ப பேரு பின்னாடி வந்தது!" என்றான் மச்சினன்.

"அதேதான். ஆனா நேத்து இல்ல. புதுசா மருந்து போட்டுக் கருக்கின துருவை ஊசியால சுரண்டினா மாவா உதிரும். கோட்டுக்குள்ள இருக்கறது கல்லு மாதிரி இறுகியிருக்கு. உங்க அப்பா பிறக்கறதுக்கு முன்னாடியே எவனோ பேரு வெட்டிட்டான். உங்க தங்கச்சி எதையும் மாத்தல."

"செஞ்சவன்?" அண்ணனின் குரல் இறங்கியிருந்தது.

"சிறகு ஓரமா அறுத்த இடத்தோட உள்சுவரைப் பாருங்க."

அண்ணன் குனிந்தார். "ரெண்டு கோடு ஓடுது... பிஸ்கட்டுக்கு நடுவுல க்ரீம் மாதிரி."

"மூணு தகட்டை ஒண்ணா அடிச்சு இணைச்சிருக்காங்க. நடுத்தகடு வேற இரும்பு. ஜப்பான்ல கைக்காப்புக்குப் பேர்போன அகாசாகா பட்டறைக்காரங்க கை அது. கொக்கு இவ்வளவு மெலிசா, இவ்வளவு தைரியமா நிக்கறது அவங்க ஆரம்ப கால வேலை."

அண்ணன் நிமிரவில்லை. கையை மட்டும் பின்னால் நீட்டி, "பாப்பா, இங்க வந்து பாரேன்" என்றார்.

மருத்துவர் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது. மச்சினன் அதைப் பிடித்தபடியே கேட்டான்: "அப்ப ரெண்டு பேர் கை, மாமா?"

"ஆமா. வட்டத்தைச் செஞ்சது அகாசாகாவோட முதல் ரெண்டு ஆசான்ல ஒருத்தர். ரெண்டு பேருமே பெரும்பாலும் பேரு போடாதவங்க. வெறும் இடத்தைப் பார்த்த இன்னொருத்தன், தனக்குத் தெரிஞ்ச பெரிய பேரை வெட்டி வச்சிட்டான்."