நாரை பிடித்த கல்

தோர்ஃபென் நகர மன்றத்தின் கேடயச் சின்னத்தில் ஒரு நாரை நிற்கிறது. ஒரு காலைத் தரையில் ஊன்றி, மறு காலைத் தூக்கிக்கொண்டு. தூக்கிய காலில் உருண்டையாக ஏதோ இருக்கிறது.

அது என்ன என்பதில்தான் சிக்கல்.

ஊர் எல்லையில் வைக்கப்போகும் புதுப் பலகைக்கு அந்தக் கேடயத்தை வரைந்தவள் ஹெட்டி. பத்து வயது. பள்ளிப் போட்டியில் அவள் படம்தான் வென்றது. உருண்டையை அவள் கல்லாக வரைந்திருந்தாள். பார்த்து வரைந்த ஆற்றுக் கூழாங்கல் இன்னும் அவள் கோட்டுப் பையில் இருந்தது.

சனிக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மன்றம் கூடியது. ஹெட்டியையும் அழைத்திருந்தார்கள்.

"கல்லுன்னு யாரு சொன்னா? அது பன்னு!" என்றார் மிஸ்டர் பெக். மன்ற உறுப்பினர்; பேக்கரிக்காரர்.

"நாரை எதுக்கு பன்னு வாங்குது?" என்றார் மேயர் மிஸஸ் செட்செல். "விளக்கம் எழுதின காகிதம் அந்தக் கால வெள்ளத்துலயே போயிடுச்சு. நமக்குத் தெரியாது."

"தெரியாததை எதுக்கு வைக்கணும்?" என்றார் மிஸ்டர் பெக். "எடுத்துடுவோம். வெறும் நாரையா வேற யாராவது வரையட்டும்."

ஹெட்டிக்குக் காது சிவந்தது.

அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் மிஸ்டர் தொரால்ட் இருந்தார். ஏழு உறுப்பினர்களில் மூத்தவர். "பாப்பா, எனக்குக் கண்ணு சொக்குது. போன தடவை ஓட்டு நேரத்துல குறட்டை விட்டுட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க," என்று கிசுகிசுத்தார்.

ஹெட்டி கூழாங்கல்லை அவர் கையில் வைத்தாள். "இதைப் பிடிச்சுக்கோங்க."

பிறகு எழுந்து நின்றாள்.

"மேயரம்மா, அது கல்லுதான். மத்த நாரையெல்லாம் தூங்குறப்ப இது காவல் நிக்குது. கண் அசந்தா கல்லு காலுல விழும். முழிச்சுக்கும். நம்ம ஊரு ஆத்தை ஒட்டி இருக்கு. யாராவது முழிச்சிருக்கணும்ல?"

"இதை உனக்கு யாரு சொன்னா?" என்றார் மிஸ்டர் பெக்.

"என் கால் கட்டைவிரல். நானும் கல்லைத் தூக்கிக்கிட்டு ஒத்தைக் கால்ல நின்னு பார்த்தேன்."

மேயர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "சரி, ஓட்டு எடுப்போம்."

கல்லை எடுக்க மூன்று கைகள் உயர்ந்தன. வைத்திருக்க மூன்று. எல்லோரும் மிஸ்டர் தொரால்டைப் பார்த்தார்கள். அவர் தலை மார்பில் சாய்ந்திருந்தது.

"தூங்குறவருக்கு என்ன ஓட்டு?" என்றார் மிஸ்டர் பெக்.

கிழவரின் விரல்கள் மெல்லத் தளர்ந்தன.

டொக்!

"ஐயோ, என் காலு!" மிஸ்டர் தொரால்ட் துள்ளி எழுந்தார். "தண்ணி வந்துடுச்சா?"

அவர் கீழே கிடந்த கல்லைப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த ஹெட்டியின் படத்தைப் பார்த்தார். பிறகு கையை நன்றாக உயர்த்தினார்.

"கல்லு இருக்கட்டும்."

அடுத்த மாதக் கூட்டத்தில் ஏழு உறுப்பினர்களுக்கு முன்னாலும் ஆளுக்கொரு கூழாங்கல் இருந்தது. மிஸ்டர் பெக்கினுடையதுதான் பெரியது. சரியாக ஒரு பன் அளவு.