இரண்டு மூன்றுகள்

காலை 9.10. புள்ளிவிவர அலுவலகத்தின் இரும்பு அலமாரி பூட்டியபடியே இருந்தது. உள்ளே கோப்பு இருந்தது. கோப்புக்குள் இருக்க வேண்டிய கடிதம் மட்டும் இல்லை.

9.40. இன்ஸ்பெக்டர் அம்மாள் வந்து இறங்கினார். கொலை நடந்த வீட்டில்கூட அந்த அம்மாள் இவ்வளவு வியர்வையைப் பார்த்ததில்லை. இயக்குநரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

“வெறும் கடிதம்தானே சார்?”

“பக்கத்து நாட்டு அரசாங்கம் முத்திரை போட்டு அனுப்பினது மேடம். நேத்து பன்னிரண்டரைக்குத்தான் வந்தது. அது இல்லாம இன்னிக்குப் பன்னிரண்டு மணிக்கு அமைச்சரவைக்குப் போனா, நாற்பதாயிரம் பேர் தெருவுல நிப்பாங்க.”

விஷயம் இதுதான். பதினான்கு நாடுகளின் அரசு ஊழியர்களை ஒப்பிட்டு ஓர் அட்டவணை போட்டிருந்தார்கள். அதன்படி இங்கே ஆயிரம் பேருக்கு அறுபது ஊழியர்கள். பக்கத்து நாட்டில் நாற்பதே நாற்பது. அதைப் பார்த்த அமைச்சரவை, அரைநாள் பணியிடங்களில் தொடங்கி நாற்பதாயிரம் இடங்களை ஒழிக்கப் பேனாவைத் திறந்து வைத்திருந்தது. கடிதம் சொன்னதோ வேறு. அங்கே ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், குப்பை வண்டி எல்லாம் ஒப்பந்த நிறுவனங்கள் கையில். அந்த ஆட்கள் ஊழியர் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களுக்கு ஆகும் செலவு பேனா பென்சிலோடு சேர்ந்து ‘கொள்முதல்’ என்ற தலைப்பில் படுத்திருக்கும். தட்டி எழுப்பிக் கூட்டினால் அங்கேயும் அறுபது. செலவு இங்கே ஆவதைவிட ஒரு படி மேல்.

“ஜெராக்ஸ் இல்லையா?”

“அசல் இருந்தாலே பாதிதான் நம்புவாங்க மேடம்.”

அலமாரிச் சாவி டைப்பிஸ்ட் பெண்ணின் மேஜை டிராயரில் இருப்பது வழக்கம். காலை ஒன்பதிலிருந்து ஒரு மணிவரை வேலை பார்க்கும் அரைநாள் ஊழியர் அவர். பன்னிரண்டுக்குள் கடிதம் கிடைக்காவிட்டால் அவரை வேலையை விட்டு நீக்கும் உத்தரவில் கையெழுத்துப் போட வேண்டும் என்று இயக்குநர் சங்கடத்தோடு சொன்னார்.

10.05. இன்ஸ்பெக்டர் ஊழியர்களையும் ஆலோசகரையும் தனித்தனியாகக் கூப்பிட்டார். எல்லோருக்கும் ஒரே கேள்வி. “நேத்து இந்த ஆபீஸ்ல எத்தனை பேர் வேலை பார்த்தாங்க?”

“மூணு,” என்றார் இயக்குநர். “பதிவேட்டுல இருக்கறது நான், துணை இயக்குநர், டைப்பிஸ்ட். நாங்க ரெண்டு பேரும் ஒரு மணிக்கு அமைச்சகத்துக்குப் போயிட்டோம், அங்கயே வேலை.”

“ஆறு,” என்றார் துணை இயக்குநர். “பெருக்குற அம்மா, தண்ணி கேன் போடறவர், வாசல் காவலாளி மூணு பேரும் ஒப்பந்த ஆளுங்க. ஆனா ஆளுங்கதானே? ஆலோசகரைச் சேர்த்தா ஏழு. அவர் வேலை பார்த்து நான் பார்த்ததில்ல, அதான் விட்டுட்டேன்.”

அடுத்தது அந்த ஆலோசகர். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ‘டை’. வெயிலோ மழையோ, கழுத்தில் அது தொங்கும். விசிட்டிங் கார்டை நீட்டினார். ‘ஆலோசனை மற்றும் ஒப்பந்த ஆள் வழங்கல்’ என்றிருந்தது.

“முழுநேரக் கணக்குல மூணு,” என்றார். “பதிவேடெல்லாம் பழைய முறை மேடம். நாலு மணி நேரம் உட்கார்ந்தா அரை ஆள், எட்டு மணி நேரம் உட்கார்ந்தா முழு ஆள். நான் பார்க்கறது உண்மையா வேலை செஞ்ச நேரத்தை மட்டும்தான். ஒப்பந்த ஆளுங்க எங்க கணக்குலயே வரமாட்டாங்க.”

“நீங்க எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க?”

“பன்னிரண்டுக்கு. அப்புறம் இன்னிக்குக் காலையிலதான் வர்றேன்.”

10.30. கடைசியாக டைப்பிஸ்ட். அழுது முடித்த முகம்.

“நேத்து ஒரு மணிக்கே போயிட்டேன் மேடம். கையெழுத்துகூட இருக்கு.”

“கடிதம் வந்தது பன்னிரண்டரை. அதுக்கு நீ எட்டுப் பக்கம் விளக்கக் குறிப்பு டைப் பண்ணிக் கோப்புல வச்சிருக்கே. அரை மணி நேரத்துல எட்டுப் பக்கமா? கையில விரல் பத்தா, நூறா?”

அந்தப் பெண் கதவைப் பார்த்தார். குரல் இறங்கியது. “அஞ்சு மணிவரைக்கும் இருந்தேன் மேடம். அரைநாள் ஆள் மத்தியானம் தங்கினா விதிமீறல், வேலை போயிடும். அதான் ஒரு மணிக்குக் கையெழுத்துப் போட்டுட்டு, வந்து உட்கார்ந்துட்டேன். யார்கிட்டயும் மூச்சு விடல. ஆபீஸ்லயும் யாரும் இல்ல. பக்கத்துல ஆலோசகரோட கண்ணாடி அறைகூட இருட்டாத்தான் இருந்தது.”

“கண்ணைத் துடைம்மா,” என்றார் இன்ஸ்பெக்டர். “ஆள் கிடைச்சாச்சு.”

11.05. எல்லோரும் இயக்குநர் அறையில். இன்ஸ்பெக்டர் உட்காரவில்லை.

“ரெண்டு பேர் மூணுன்னு சொன்னீங்க. எண்ணு ஒத்துப்போச்சேன்னு நானும் தாண்டிப் போயிட்டேன். ஆனா இயக்குநர் எண்ணினது பெயர்களை. ஆலோசகர் சார் எண்ணினது மணி நேரத்தை. சார் முறையில ரெண்டு முழு ஆள், ஒரு அரை ஆள். ரெண்டரைதானே வரணும்? மீதி அரை எங்கேருந்து சார் முளைச்சது?”

டையின் கை தானாக டைக்குப் போனது. “அது... அந்தப் பொண்ணு சாயங்காலம்வரைக்கும்...” என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

“அது அந்தப் பொண்ணுக்கு மட்டும்தான் தெரியும். அப்புறம், கண்ணாடி அறை இருட்டுல உட்கார்ந்து இவ எப்போ போவான்னு காத்துக்கிட்டு இருந்தவருக்குத் தெரியும். திருட வந்த இடத்துலயும் மணி நேரத்தைச் சரியா குறிச்சு வச்சிருக்கீங்க. தொழில் சுத்தம்!”

“இது ஆதாரமா?” என்றார் டை.

இன்ஸ்பெக்டர் கதவைத் திறந்து வாசல் காவலாளியைக் கூப்பிட்டார். “அண்ணே, இந்த ஆலோசகர் சார் நேத்து எப்போ போனார்?”

“அஞ்சரைக்கும்மா. வணக்கம் வச்சேன். திரும்பிக்கூடப் பார்க்கல.”

“காலையிலேயே சொல்லியிருக்கலாமேய்யா!” என்று இயக்குநர் துள்ளினார்.

“யாரும் கேக்கலையே சார். ஊழியர்களை மட்டும் விசாரிக்கறதா சொன்னாங்க.”

டையின் தோள்பையில், மடிக்கணினிக்குப் பின்னால், மடிப்புக்கூட விழாமல் கடிதம் இருந்தது. நாற்பதாயிரம் இடம் காலியானால் அதே வேலைக்கு ஆள் அனுப்பப்போவது அவர் நிறுவனம். அந்தத் தொகையும் கொள்முதல் தலைப்பில் சுகமாகப் படுத்துக்கொள்ளும்.

“ஏன் சார் கிழிச்சுப் போடல?” என்று ஆர்வம் தாங்காமல் கேட்டார் துணை இயக்குநர்.

“மூலத் தரவை அழிக்கறது தப்பு,” என்றார் டை, சுவரைப் பார்த்தபடி.

11.35. இயக்குநர் கடிதத்தோடு ஓடினார். குறிப்பை விளக்க டைப்பிஸ்டையும் கூட இழுத்துக்கொண்டு ஓடினார்.

1.25. அமைச்சரவைக் கூடத்து வெளிப்படிக்கட்டில் இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். அந்தப் பெண் இறங்கி வந்தார். தண்ணீர் கேட்டு வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

“என்ன ஆச்சு?”

“நாற்பது நிமிஷம் நான்தான் பேசினேன் மேடம். திட்டத்தைக் கைவிட்டுட்டாங்க. நாற்பதாயிரம் பேரும் தப்பிச்சாச்சு.”

“நீ?”

“நான் இல்லாம நாற்பதாயிரம் வராது மேடம்,” என்றார் அந்தப் பெண். “முப்பத்தொன்பதாயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதுதான் வரும்.”