அணையக் கூடாத விளக்கு

போன் அலறியது.

மதுரை லாட்ஜ் அறையில் உடையப்பன் திடுக்கிட்டு எழுந்தான். திரையில் நவமணி அக்கா. மலேசியாவில், கோப்பெங்கில் பக்கத்து வீட்டுக்காரி.

"தம்பி, இங்க ஒரே இடி. பெரிய தொல்லை, சூசா லா. பின் வரிசையில ஒரு வீட்டு டிவியே எரிஞ்சு போச்சு. ஆளில்லாத வீட்டுக்கு எதுக்கு கரண்ட்? உங்க மெயின் சுவிட்சை அடைச்சிடட்டுமா?"

"வேணாங்க்கா. அடைக்காதீங்க."

"ஏன் லா?"

ஏனா?

சமையலறை மூலையில் இருக்கும் பெரிய ஃப்ரீசருக்காக! கேட்டரிங் தொழிலுக்கென்று அண்ணன் பத்துமலை வாங்கிப் போட்ட ஃப்ரீசர்...

இப்போது அதற்குள் இருப்பதும் பத்துமலைதான்.

வீட்டை விற்க மாட்டேன் என்றான் அண்ணன். வாய்ச்சண்டை. ஒரு தள்ளு. கல் மேடையின் விளிம்பில் பின்மண்டை. அவ்வளவுதான், கதை முடிந்தது.

விடிந்தால் இருவருக்கும் இராமேஸ்வர யாத்திரை. டிக்கெட் கையில். போகாமல் நின்றால் ஊர் கேட்கும். குழி தோண்ட நேரமில்லை. ஃப்ரீசரைப் பூட்டிவிட்டு, தெரு விழிப்பதற்குள் தனியாகக் கிளம்பி விமானம் ஏறிவிட்டான். சில மாதம் இங்கே இருந்துவிட்டுத் திரும்பினால் போதும். வீட்டுக்குப் பின்னால் பழைய தோட்டம். ரப்பர் பால்மரம் போய், எண்ணெய்ச் செம்பனையான காடு. அங்கே புதைத்தால் யாருக்குத் தெரியும்?

அதுவரை கரண்ட் மட்டும் போகக் கூடாது.

"சாமி மேடையில சிவப்பு லைட்டு எரியுதில்லக்கா... நாங்க யாத்திரை முடிச்சு வர்ற வரைக்கும் அது அணையக் கூடாதுன்னு அண்ணன் வேண்டிக்கிட்டாரு."

"அப்படியா? சாமி விஷயம்னா நான் கை வைக்க மாட்டேன். இடியில மெயின் தானா விழுந்தாலும் நானே போய்த் தூக்கி விடுறேன். அண்ணன் குடுத்த சாவி எங்கிட்டதானே இருக்கு."

சாவியா?

அண்ணன் அதை உடையப்பனிடம் சொன்னதே இல்லை.

அடுத்த வாரமே மறுபடி போன்.

"மெயின் விழுந்துடுச்சு தம்பி. தூக்கி விட்டுட்டேன். ஆமா, ஃப்ரீசருக்கு எதுக்கு பூட்டு?"

"ஆட்டிறைச்சிக்கா. கல்யாண ஆர்டருக்கு வாங்கினது."

"யாத்திரை போறவரு ஃப்ரீசர் நிறைய ஆடு வாங்கி வெச்சிட்டா போவாரு? போனை அண்ணன்கிட்ட குடுங்க, நாலு வார்த்தை கேக்கணும்."

"குளிக்கிறாருக்கா."

அடுத்த முறை கோயிலுக்குப் போயிருந்தார். அதற்கடுத்த முறை தொண்டை கட்டியிருந்தது.

"என்ன தம்பி விளையாடுறீங்களா? பேச முடியலைன்னா முகத்தையாவது காட்டச் சொல்லுங்க. நாளைக்கு வீடியோ கால்ல வாரேன்."

வைத்துவிட்டாள்.

உடையப்பன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். நவமணி உடும்பு. பிடித்தால் விடமாட்டாள். அண்ணனைக் காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டே இருப்பாள்.

கேட்காமல் இருக்க ஒரே வழி... அண்ணன் சாக வேண்டும். ஊரறியச் சாக வேண்டும்!

மறுநாள் அவனே கூப்பிட்டான். குரலை உடைத்துக்கொண்டான்.

"அக்கா... அண்ணன் போயிட்டாருக்கா. நெஞ்சு வலின்னாரு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குள்ள..."

 எதிர்முனையில் ஒரு விம்மல்.

"ஐயோ தம்பி... உடம்பு?"

"இங்கயே எரிச்சாச்சு. நான்தான் கொள்ளி வெச்சேன்."

"தங்கமான மனுஷன். உங்களை அப்பா மாதிரி வளர்த்தாரே." மூக்கை உறிஞ்சினாள். "நீங்க மனசை விட்டுடாதீங்க. இங்க செய்ய வேண்டியதை நான் பாத்துக்கிறேன்."

மதுரைக்கு வந்தபின் அன்றுதான் உடையப்பன் நிம்மதியாகத் தூங்கினான்.

காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது அவள் சொன்னது உறுத்தியது. செய்ய வேண்டியதா... என்ன செய்ய வேண்டியது?

போட்டான் போனை.

"அக்கா, வீட்டுல ஏதாவது செஞ்சீங்களா?"

"ஆமா. நீங்க சேதி சொன்ன உடனே போய் மெயினை அடைச்சிட்டேன்."

பல்துலக்கி கீழே விழுந்தது.

"அடைச்சிட்டீங்களா? சாமி லைட்டு அணையக் கூடாதுன்னு சொன்னேனே..."

"என்ன பேச்சு தம்பி இது? கூடப் பிறந்தவர் செத்திருக்காரு. தீட்டு வீட்டுல சாமி விளக்கு எரியலாமா? கருமாதி முடிச்சு, வீடு கழுவி விட்டுத்தான் மறுபடி ஏத்தணும். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். அப்பா செத்தபோது சாமி மேடை விளக்கை அணைத்ததே அவன்தான். யோசிக்காமல் விட்டுவிட்டான். விளக்கைக் காட்டிக் கரண்ட்டைக் காப்பாற்றினான். சாவைச் சொல்லி அவனே அணைத்துவிட்டான்.

"அக்கா, உங்க காலைப் பிடிச்சுக் கேக்குறேன். சாமி லைட்டை மட்டும் தனியா அடைங்க. மெயினைத் தூக்கி விடுங்க. இப்பவே போங்க."

"பதறாதீங்க. கரண்ட் இருக்கு. காலையிலயே போட்டாச்சு."

உடையப்பன் சுவரோடு சரிந்தான். மூச்சு வந்தது. அப்படியே அழுகையும் வந்தது.

"நல்லா இருப்பீங்கக்கா."

"நான் போடலை தம்பி. போலீஸ் போடச் சொல்லிச்சு."

"எ... என்ன?"

"மெயினை அடைச்சிட்டுப் படுத்தேனா, மனசு கேக்கலை. அவ்வளவு ஆட்டிறைச்சியும் கெட்டுப் போகுமேன்னு. அக்கம்பக்கத்துக்குக் குடுத்துடலாம்னு விடிஞ்சதும் பூட்டை உடைச்சோம்." குரல் மாறாமல் தொடர்ந்தாள்.  "ஈப்போவில இருந்து ஆஸ்பத்திரி வண்டி வரணுமாம். அதுவரைக்கும் ஃப்ரீசர் ஓடட்டும்னாரு இன்ஸ்பெக்டர். பக்கத்துலதான் நிக்கிறாரு. நீங்க எந்த லாட்ஜ்னு கேட்டாரு, சொல்லிட்டேன். நீங்கதானே வந்த அன்னிக்கே போட்டோ அனுப்பினீங்க."

கதவுக்கு வெளியே, மாடிப்படியில் பூட்ஸ் சத்தம்... ஒன்றல்ல, பல.

ஜன்னலைப் பார்த்தான். கம்பி போட்டிருந்தது.

"தம்பி, லைன்ல இருக்கீங்களா?"

"...ம்."

"சீக்கிரம் வந்து சேருங்க. மதுரையில ஒரு தடவை கொள்ளி வெச்சாச்சுன்னு சொன்னீங்க. இங்க இன்னொரு தடவை வைக்க வேண்டியிருக்கு."