நாற்பத்தொரு முறை அழுத வீடு

பத்து மணிக்கு வரவேண்டிய படகு பத்தே முக்காலுக்குத்தான் வந்தது. அதுவரை போர்ஸ்கென் துறையின் கல்படியில், சுற்றுலா வழிகாட்டிக்கு அடையாளமான நீலக்குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள் ரோசென். குளிரில் விரல் மரத்துவிட்டது. கடல் பக்கம் பார்த்தால் அரை மைலில் நங்கூரமிட்டிருந்த அந்தப் பெரிய கப்பலே தெரியவில்லை. அப்படி ஒரு மூடுபனி.

"கழிப்பறை எங்கே?" என்றுதான் முதலில் இறங்கிய அம்மாள் கேட்டாள். மேடம் பிரூயிட் என்று சட்டையில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது.

"மேலே சர்ச்சுக்குப் பின்னாடி, மேடம்."

"அவ்வளவு படி ஏறணுமா? கப்பல்ல யாருமே சொல்லலையே!"

இன்னொருவருக்குப் போனில் இணைப்பு கிடைக்கவில்லை. இன்னொருவருக்குச் சிப்பி வேண்டும், ஆனால் பச்சையாக வேண்டாம். பட்டியலை எடுத்துத் தலைகளை எண்ணினாள் ரோசென். முப்பத்திரண்டு பெயர்கள் அச்சில் இருந்தன. கடைசியில் யாரோ பேனாவால் முப்பத்து மூன்றாவதாக ஒன்றை எழுதியிருந்தார்கள். ஈரம் பட்டு மை ஊறி, படிக்கவே முடியவில்லை. கப்பல் அலுவலகத்துக்காரர்களுக்கு இதே வேலை. எரிச்சலோடு பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் திணித்தாள்.

இன்றைக்கு அவளுக்கு மனசே சரியில்லை. விடியற்காலையில் புருஷன், தாங்கி குடும்பத்து எர்வே, நண்டுக்கூடு தூக்கக் கிளம்பும்போதே சண்டை.

"இன்னைக்கும் அந்த நாடகம்தானா, ரோ?" என்று கேட்டான். அவளை ரோ என்று கூப்பிடுகிறவன் ஊரில் அவன் ஒருத்தன்தான். "புருஷன் உயிரோட குத்துக்கல்லாட்டம் இருக்கேன். நீ கறுப்புச் சால்வையைப் போட்டுக்கிட்டு எவனுக்கோ அழுதுக்கிட்டிருக்கே."

"எவனுக்குமில்லையே எர்வே! அப்படி ஒருத்தன் பொறக்கவே இல்ல. அதை நிறுத்தினா கப்பல்காரங்க பக்கத்து ஊருக்குப் போயிடுவாங்க. தெரியுமில்ல?"

"தெரியும். உன் இன்னொரு வீட்டுக்காரன்கிட்ட என் நாற்காலியை மட்டும் கொடுத்துடாதே" என்று சிரித்தபடியே மஞ்சள் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு போனான். அந்தச் சிரிப்பில் பாதி நிஜக் கோபம். அவளுக்குத் தெரியாதா?

விஷயம் இதுதான். கடலில் போனவன் உடல் கிடைக்கவில்லை என்றால், அந்தக் கரையில் அவனுக்குப் பதிலாக ஒரு சின்ன மெழுகுச் சிலுவையை வெள்ளைத் துணி விரித்த மேசையில் வைப்பார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் அந்த வீட்டு ஜன்னலை மூன்று முறை தட்டி, "இன்னைக்கு இந்த வீட்ல விழிப்பு" என்று இறந்தவன் பெயரைச் சொல்வார். அக்கம்பக்கம் கூடிச் சிலுவையைச் சுற்றி விடிய விடிய விழித்திருந்து அழும். பிறகு சிலுவையை எடுத்துப்போய்ச் சர்ச்சில் வைத்தால், போனவன் வீடு வந்து சேர்ந்துவிட்டான் என்று கணக்கு.

கப்பல் கம்பெனிக்கு அது வேண்டுமாம். நிஜமான வீடு, நிஜமான சமையலறை, நிஜமான விதவை. விதவை கிடைக்காததால் ரோசென் அந்த வேஷத்தைப் போட்டாள். பாதிரியார் ஒரே நிபந்தனை வைத்தார்: இந்த ஊரில் யாருக்கும் என்றுமே இல்லாத பெயராக இருக்க வேண்டும். ஜன்னல் தட்டுகிற கிழவர் ஃபான்ஷ் உடனே பாரிஸ்காரத்தனமாக ஒரு பெயரை எடுத்துவிட்டார். அரிஸ்தித் மோன்வால். "இந்தப் பேரோட எவனாவது வலை இழுத்திருந்தா என் மீசையை எடுத்துடறேன்" என்றார்.

இரண்டு கோடைகளில் நாற்பத்தொரு முறை அந்த அரிஸ்தித் மோன்வாலுக்கு அழுதாகிவிட்டது. சிலுவையைச் சர்ச்சில் வைக்கப் பாதிரியார் சம்மதிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் திரும்ப மேசை இழுப்பறைக்குள்தான் போகும்.

பதினொன்றரைக்கு எல்லாரையும் சமையலறைக்குள் அடைத்தாள் ரோசென். மேடம் பிரூயிட் அடுப்பை மறைத்துக்கொண்டு நின்றாள். ஒருவர் சிலுவையைக் கையில் எடுத்து, "இது விலைக்குக் கிடைக்குமா?" என்று கேட்டார். ரோசென் பல்லைக் கடித்துக்கொண்டு அதை வாங்கித் துணிமேல் வைத்தாள்.

ஃபான்ஷ் வரவில்லை. ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து ஆயிற்று. கிழவருக்கு முட்டிவலி என்றால் ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்கக்கூடாதா? சரி, தட்டுகிற பகுதியை விட்டுவிடலாம் என்று சால்வையை இழுத்துப் போர்த்தியபோது ஜன்னலில் சத்தம் கேட்டது.

ஒன்று.

இரண்டு.

மூன்று.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. வெளியே பெயர் சொல்லும் குரலுக்காகக் காத்திருந்தாள். குரல் வரவில்லை. கதவு திறந்து ஒரு ஆள் உள்ளே வந்தான். நேராக மேசைத் தலைமாட்டுக்குப் போய் எர்வேயின் நாற்காலியில் உட்கார்ந்தான்.

நாற்பது வயதிருக்கும். நல்ல கோட்டு. சட்டைக் கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே மழை இல்லை, பனி மட்டும்தான். சமையலறை முழுக்க அலை வடிந்த சேற்றின் வாடை ஏறியது.

"மிஸ்யே, அது உட்காரக்கூடாத இடம்" என்றாள் ரோசென். "நீங்க எந்தப் படகுல வந்தீங்க? ஸ்டிக்கர் எங்கே?"

"எனக்குக் கொடுக்கல" என்றான் அவன் மெதுவாக. "முப்பத்து மூணு."

ஓஹோ, அந்தப் பேனாவால் எழுதிய ஆள்! எல்லார் முன்னாலும் சண்டை போட முடியாதே. ரோசென் அழுதாள். நாற்பத்திரண்டாவது முறை. பழகிப்போன அழுகை, எந்த இடத்தில் குரல் உடைய வேண்டும் என்றுகூட அவளுக்கு மனப்பாடம். அவள் அழ அழ அந்த ஆள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான், பசித்தவன் சோற்று வாசனை பிடிக்கிற மாதிரி.

எல்லாரும் கைதட்டிவிட்டு வெளியேறினார்கள். அவன் மட்டும் எழுந்திருக்கவில்லை.

"மிஸ்யே, கிளம்பணும். மூணு மணிக்குக் கடைசிப் படகு."

"நான் போகல. என் வீட்டுக்கு இப்பத்தான் வந்திருக்கேன்."

"குடிச்சிருக்கீங்களா?"

"நீதான் கூப்பிட்டே" என்றான். "எத்தனை தடவை! நான் எங்கேயுமே இல்லாம இருந்தேன். நீ கூப்பிடக் கூப்பிட எனக்குக் கை வந்தது, கால் வந்தது."

ரோசெனுக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது. காலையிலிருந்து ஒவ்வொருத்தராக அவள் உயிரை வாங்கியாயிற்று. இப்போது இந்தப் பைத்தியம் வேறு. ஆள் எண்ணிக்கை சரியாக இல்லையென்றால் படகு நகராது. படகு நகராவிட்டால் கம்பெனி இனி வராது.

"மூணு மணிக்குத் துறையில இருக்கணும். இல்லேன்னா போலீஸைக் கூப்பிடுவேன்" என்று கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள்.

பிறகு என்ன? அருங்காட்சியகத்தைப் பூட்டிக்கொண்டு சாவிக்காரர் சாப்பிடப் போயிருந்தார். பான்கேக் கடையில் மாவு தீர்ந்துவிட்டது. மேடம் பிரூயிட் சரிவில் சறுக்கி விழுந்து, யார்மீது வழக்குப் போடலாம் என்று விசாரித்தாள். மூன்று மணிக்கு முப்பத்திரண்டு பேர் படகில் ஏறினார்கள். மூன்றரை ஆயிற்று. மூன்றே முக்கால். கப்பல் பனிக்குள்ளிருந்து ஊதிக்கொண்டே இருந்தது.

"முப்பத்து மூணு வேணும். ஒருத்தர் குறைஞ்சாலும் எடுக்க மாட்டேன்" என்றான் படகுக்காரன்.

"ஏம்மா, எங்களையெல்லாம் சாகடிக்கப் போறியா?" என்று கத்தினாள் மேடம் பிரூயிட்.

அப்போது பனி இன்னும் இறுகியது. மூன்றடிக்கு அப்பால் எல்லாம் வெறும் வெள்ளை. அந்த வெள்ளையில், படகின் மறுபக்கம், ஒரு உருவம் உள்ளே கால் வைத்து ஏறுவது தெரிந்தது.

"வந்துட்டாரா!" ரோசெனுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. "உட்காருங்க! எத்தனை பேரை நிக்க வெச்சிட்டீங்க! ஒரு வார்த்தை பேசாம அங்கேயே உட்காருங்க!"

உருவம் கையைத் தூக்கியது. என்னவோ சொல்ல வந்தது. எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை.

"உட்காருங்கன்னு சொன்னேன்ல! முப்பத்து மூணு, சரியா இருக்கு, எடு, எடு!"

உருவம் உட்கார்ந்தது.

அவளே குனிந்து கயிற்றை அவிழ்த்துப் படகுக்குள் எறிந்தாள். அது போய் மறைந்ததும் பெரிய மூச்சு விட்டாள். தொலைந்தது சனியன். திரும்பப் போனவள் நின்றாள்.

படகு நின்றிருந்த இடத்துக்கு வெளிப்புறத்தில், அதை ஒட்டிக் கட்ட வந்த நிலையில், எர்வேயின் படகு ஆளில்லாமல் மெல்லப் படிப்பக்கம் ஒதுங்கிக்கொண்டிருந்தது. எஞ்சின் இன்னும் ஓடியது. கூடையில் நண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன.

துறையில் படி ஒன்றுதான். அங்கே ஒரு படகு நின்றால், பின்னால் வருகிறவன் அதை ஒட்டி நிறுத்தி, அதற்குள் கால் வைத்துத் தாண்டித்தான் கரைக்கு வருவான். எல்லாரும் தினமும் செய்கிறதுதான்.

கையைத் தூக்கியவன் மஞ்சள் மழைக்கோட்டு போட்டிருந்தான்.

அவள் முதலில் சிரித்தாள், நிஜமாகவே. ஐயோ, எர்வேயைக் கப்பலுக்கு அனுப்பிவிட்டேனே! பத்து வருஷம் சொல்லிச் சொல்லிக் காட்டுவான். துறைக் குடிசைக்கு ஓடினாள். அங்கே வயர்லெஸ் பக்கத்தில் ஃபான்ஷ் முட்டிக்குத் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மாமா, சீக்கிரம் அந்தப் படகைக் கூப்பிடுங்க! எர்வே தப்பா ஏறிட்டான்!"

"யாரு?"

"எர்வே!"

கிழவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என்னம்மா விளையாட்டு இது? எர்வே தாங்கிங்கிறது நாம கட்டிவிட்ட பேருதானே? இந்தப் பேரோட எவனாவது வலை இழுத்திருந்தா மீசையை எடுத்துடறேன்னு நான்தானே சொன்னேன்?"

ரோசென் அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கினாள். பொத்தானை அழுத்தி, படகில் கூடுதலாக ஒருத்தன் ஏறியிருக்கிறானா பார் என்று கத்தினாள். படகுக்காரன் குரல் கரகரவென்று வந்தது. "முப்பத்து மூணு பேரும் இருக்காங்க, மேடம். கூடுதலா யாருமில்ல."

"முப்பத்து மூணாவது ஆளோட பேரைப் படி!"

"தாங்கி, எர்வே. அச்சுல தெளிவா இருக்கே. இங்கதான் உட்கார்ந்திருக்கார்."

"அவன்கிட்ட கொடு! மைக்கை அவன்கிட்ட கொடு!"

கரகரப்பு.

"ரோ..."

அவ்வளவுதான். அதற்கப்புறம் வெறும் தண்ணீர்ச் சத்தம். பனிக்குள் கப்பல் நீளமாக ஒரு முறை ஊதியது. நங்கூரச் சங்கிலி ஏறும் ஓசை ஊர் முழுக்கக் கேட்டது.

"வீட்டுக்குப் போ, கண்ணு" என்றார் ஃபான்ஷ் பரிவாக. "அரிஸ்தித் காத்துக்கிட்டிருப்பான்."

அவள் போலீஸுக்குப் போனாள். கம்பெனிக்கு எழுதினாள். கல்யாணப் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தாள், அதில் ரோசென் பெயருக்குப் பக்கத்தில் அரிஸ்தித் மோன்வால் என்றுதான் இருந்தது. கப்பலில் அப்படி ஒரு பயணி எங்கேயும் இறங்கவும் இல்லை, கடைசித் துறைமுகத்தில் மிஞ்சவும் இல்லை என்று ஒரு வரியில் பதில் வந்தது. பாதிரியார் அவள் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சல் பார்த்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை அடுத்த கப்பல் வந்தது. ஜன்னலில் மூன்று தட்டல். ஃபான்ஷ் கணீரென்று சொன்னார். "எர்வே தாங்கி. இன்னைக்கு இந்த வீட்ல விழிப்பு."

ரோசென் மெழுகுச் சிலுவையின் மேல் விழுந்து கதறினாள். "இது நாடகமில்ல! அவன் என் புருஷன்! அன்னைக்குக் காலையில என்கிட்டச் சண்டை போட்டுட்டுப் போனான்! நானே கயித்தை அவுத்துவிட்டேன்! யாராவது நம்புங்களேன்!"

சமையலறையே ஆடிப்போயிற்று. பிறகு கைதட்டல். அப்படி ஒரு கைதட்டல் அதற்குமுன் அந்த வீட்டில் எழுந்ததே இல்லை. ஒரு பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவ்வளவு நல்லா நடிக்கிறீங்க!" என்று அவள் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

அவர்கள் போனதும் ரோசென் சிலுவையை இழுப்பறைக்குள் வைத்தாள். ஒன்று. அரிஸ்தித் வருவதற்கு நாற்பத்தொன்று போதும் என்றால், எர்வே வருவதற்கு இன்னும் நாற்பது. வாரம் இரண்டு கப்பல் வந்தால் அடுத்த கோடை முடிவதற்குள் முடித்துவிடலாம். மறுநாளே கம்பெனிக்கு எழுத வேண்டும், தினமும் வேண்டுமானாலும் செய்கிறேன் என்று.

மேசைத் தலைமாட்டில் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தான் அரிஸ்தித். சட்டைக் கை இப்போது உலர்ந்திருந்தது. கத்தியை வைத்துவிட்டு, பாவம் பார்க்கிறவன்போல அவளைப் பார்த்தான்.

"வீணா தொண்டையைக் கெடுத்துக்காதே, ரோ" என்றான். "நீ பொய்யா அழுததாலதான் நான் வந்தேன். நெஜமா அழுதவங்க வீட்டுக்கு இந்த ஊர்ல எவன் திரும்பி வந்திருக்கான்?"