சனிக்கிழமைச் சங்கு

நிலவறைக் கதவைத் தூக்கியதுமே நனைந்த நாயின் வாடை குப்பென்று அடித்தது. நேடீன் நாய் வளர்த்ததில்லை. போன ஏப்ரலில் ஒரு புயல் ராத்திரிக்குப் பக்கத்து வீட்டு வெர்லாவும் அவளுடைய தடிமாட்டு நாயும் இங்கே ஒண்டினார்கள். அது மூலையில் பெய்துவைத்ததை நேடீன் மூன்று முறை தேய்த்துக் கழுவியாயிற்று. வருடம் ஒன்று ஓடிவிட்டது.

மேலே வானம் பாசிபிடித்த பச்சையாக இருந்தது. அவள் இறங்கி இரும்புக் கதவைத் தாழிட்டாள். சங்கு ஊதத் தொடங்கியது.

ஓக்லஹோமாவின் அந்தச் சிற்றூரில் சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குச் சுழற்காற்று அபாயச் சங்கை ஊதிச் சோதிப்பார்கள். மேகம் கறுத்திருந்தால் சோதனை கிடையாது. அன்றைக்கு ஊதினால் நிஜம். ஊர்க் குழந்தைக்கும் தெரிந்த இந்தச் சங்கதி, நிலவறை இல்லாத பக்கத்து டிரெய்லர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த வெர்லாவுக்குத் தெரியவில்லை. அந்த ராத்திரிக்கு அடுத்த சனிக்கிழமை, மேகம் கறுத்துக் கிடந்த நண்பகலில், நாய்ச் சங்கிலியும் கையுமாக வேலியோரம் வந்து நின்றாள்.

"ஏன்டீ நேடீன், சங்கு ஊதுதே... டெஸ்ட்டுதானே?"

நேடீனின் போனில் எச்சரிக்கை ஏற்கெனவே வந்திருந்தது. மறுபடியும் அந்த நாயோடா என்றுதான் அவளுக்குத் தோன்றியது.

"டெஸ்ட்டுதான்டீ. போய்ச் சாப்பிடு."

சுழற்காற்று ஓய்ந்தபின் வெர்லாவை இரண்டு மைல் தள்ளி, கோதுமை வயலில் பிணமாக எடுத்தார்கள். நாய் கிடைக்கவில்லை. அடக்கத்தன்று எல்லோரையும்விட அதிகம் அழுதவள் நேடீன்தான். இப்படி ஒரு சிநேகிதி கிடைக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றார்கள். பாவி, அதையும் வாய்மூடிக் கேட்டுக்கொண்டாள்.

முதல் ஆலங்கட்டி இரும்பில் ணங்கென்று விழுந்தது. பிறகு லாரி லாரியாகக் கருங்கல்லைக் கொட்டுவதுபோல ஓயாத இரைச்சல். அதற்கு அடியில் வாடை கனத்து, சூடேறி, அவள் காலருகே வந்து நின்றது. டார்ச்சைத் தாழ்த்திப் பார்க்கத் துணிவு வரவில்லை.

சட்டென்று எல்லாம் நின்றது. ஆலங்கட்டி அப்படி நின்றால் அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும்.

கதவை யாரோ தட்டினார்கள். மெதுவாக.

"ஏன்டீ நேடீன்... டெஸ்ட்டுதானே?"

இந்தத் தடவை உண்மையைச் சொல்லிவிடலாம். 'இல்லடீ, உள்ள வா.' அவ்வளவுதான். இதைச் சொல்லத்தான் ஒரு வருடமாகத் தூங்காமல் தவித்தாள். ஆனால் சொன்னால் கதவைத் திறக்க வேண்டும்.

"டெஸ்ட்டுதான்டீ" என்றது அவள் வாய்.

மறுபடியும் மெதுவாக ஒரு தட்டு.

"அப்புறம் நீ எதுக்குடீ ஒளிஞ்சிருக்கே? வெளிய வா. சேர்ந்து சாப்பிடலாம்."

தூரத்தில் சரக்கு ரயில் வரும் சத்தம். அந்தப் பக்கம் தண்டவாளமே கிடையாது; சுழற்காற்றுதான் அப்படி இரையும்.

டார்ச் அணைந்தது. கெண்டைக்காலில் ஈரமாக, சில்லென்று ஒரு மூக்கு. அது முட்டித் தள்ளியது. ஒரு படி. இன்னொரு படி. வேண்டாம், வேண்டாம் என்று அழுதபடியே தாழ்ப்பாளை இழுத்துக்கொண்டிருந்தது அவளுடைய கைதான்.