பதினாலாயிரம் கிலோமீற்றர்

விமானம் கட்டுநாயக்காவில் இறங்கிவிட்டது என்று சீலா சொல்லவில்லை. அப்பாதான் சொன்னார். காலை ஏழு மணி. மூன்று நாட்களாக மூடியே கிடந்த கண்களைத் திறக்காமல், "இறங்கிட்டான். பெட்டிக்கு நிக்கிறான்" என்றார்.

பொய் அவளுடையது. இனிச் செய்ய ஒன்றுமில்லையென்று ஆஸ்பத்திரி அப்பாவைப் பண்டத்தரிப்பு வீட்டுக்கு அனுப்பியபின், "தம்பி வாறானே?" என்ற கேள்விதான் அவரைப் பிடித்துவைத்திருந்தது. தம்பி றொபினை அவள் ஏற்கெனவே இரண்டு தடவை ரொறன்ரோவிலிருந்து பதறப் பதற வரவழைத்திருந்தாள். இரண்டு தடவையும் அப்பா எழும்பியிருந்து அவனோடு ஆட்டிறைச்சிக் கறி சாப்பிட்டார். "அடுத்தமுறை செத்தாப்பிறகு சொல்லக்கா" என்று சிரித்துவிட்டுப் போனான். அந்தச் சிரிப்புக்குக் கூசி மூன்றாம் தடவை அவனுக்குச் சொல்லவேயில்லை. நேற்றுக் காலை பத்து மணிக்கு அப்பாவிடம் மட்டும், "பிளேன் ஏறிட்டான்" என்றாள்.

கைபேசியில் தேடிப் பார்த்தாள். ரொறன்ரோவிலிருந்து கொழும்பு பதினாலாயிரம் கிலோமீற்றர். தோஹாவில் மாறி இருபத்தொரு மணித்தியாலம். பிறகு வீட்டுக்கு வேனில் ஏழு. கடல், பாலைவனம், தோஹா என்று இரவெல்லாம் அவர் காதில் சொன்னாள். ஒவ்வொரு முறையும் அவர் அவளுடைய விரல்களை நன்றியோடு இறுக்கினார். அவளுக்கு முகம் எரிந்தது.

இப்போது அவரே சொல்லிக்கொண்டு வந்தார். புத்தளம். அநுராதபுரம். வவுனியா. வெளியே வெயில் காய்ந்துகொண்டிருக்க, டெற்றோலும் பழைய வியர்வையும் மணத்த அந்த அறைக்குள், கண்ணாடி மூடிய வாகனத்தின் குளிரும் அதில் நெடுநேரம் இருந்த ஒருவரின் உடைமணமும் மெல்ல மெல்ல வந்து நிறைந்தன.

"ஆனையிறவு" என்றார் அப்பா.

சீலா முற்றத்துக்கு ஓடி றொபினுக்குப் போன் எடுத்தாள்.

"என்னக்கா இந்த நேரத்திலை?" நித்திரைக் குரல். "இங்கை விடியேல்லை. செத்திட்டாரோ, சாப்பிடுறாரோ?"

"ஒண்டுமில்லை. கை பட்டிட்டுது."

போனை வைத்தாள். உள்ளே வந்து ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அவரருகே இருந்தாள்.

"சங்கானை."

இன்னும் பத்து நிமிடம். அவள் கட்டிலருகே முழந்தாளிட்டு அவர் கையைப் பிடித்தாள்.

"அப்பா, தம்பி வரேல்லை. அவன் அங்கை படுத்திருக்கிறான். நான் பொய் சொன்னனான். என்னை மன்னியுங்கோ."

அப்பா கண்களைத் திறந்தார். கோபமில்லை. பயம்.

"அப்ப வேனுக்குள்ளை இருக்கிறது ஆர், பிள்ளை?"

கேற்றில் ஹோர்ன் அடித்தது. ஒரு தரம்.

வேன் கதவு. கேற்று. பெட்டிச் சில்லுகள் முற்றத்தில் உருண்டன. படியில் ஏறின. விறாந்தையில் உருண்டன. அறை வாசலில் நின்றன.

வாசலில் யாருமில்லை.

கட்டிலின் கால்மாட்டில் மெத்தை மெதுவாகப் பதிந்தது, ஒருவர் உட்கார்ந்த அளவுக்கு. அப்பா சீலாவின் கையிலிருந்து தன் கையைப் பிடுங்கப் பார்த்தார். அவள் விடவில்லை. அவருடைய மற்றக் கை மெத்தையை விட்டு எழுந்தது. அந்தரத்தில் நின்றது. அதன் விரல்கள் ஒவ்வொன்றாக நசுங்கி, வெளிறி, யாரோ இறுகப் பற்றியதுபோல் ஒன்றோடொன்று ஒட்டின.